புள்ளிமானுக்கும் கடமானுக்கும் ஒரே குண்டு: ரைபிள் குண்டைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அஞ்செட்டிக் காட்டில் நிற்கும் கடமானும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைகளில் நிற்கும் கடமானும் ஒரே இனம்தான். 1860-களில் கப்பலில் கொண்டுபோய் விட்டவை அங்கே பெருகிவிட்டன. விக்டோரியாவில் லைசென்ஸ் எடுத்தவர் ஆண்டு முழுக்க அதைத் தேடிப்போய்ச் சுடலாம். புள்ளிமான் 1932-ல் டெக்சாஸுக்குப் போனது. அங்கே இன்று அதற்கு சீசன் கட்டுப்பாடே இல்லை. நிலத்துக்காரர் அனுமதியும் வேட்டை லைசென்ஸும் இருந்தால் போதும்.

இங்கே நிலைமை வேறு. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றம். அட்டவணை 1-ல் உள்ள விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. காவிரி வடக்கு சரணாலயத்தை 2014-லும் காவிரி தெற்கு சரணாலயத்தை 2022-லும் அறிவித்தார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கத்துக் காட்டில் பெரும்பகுதி இவற்றுக்குள் வந்துவிட்டது. கேழ்வரகையும் நிலக்கடலையையும் பன்றி உழுதுவிட்டுப் போகிறதே என்று பரணில் உட்கார்ந்து நாட்டுத் துப்பாக்கி தூக்குவதற்கும் சட்டத்தில் இடமில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் காட்டுப்பன்றியைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு வழி செய்தது. ஆனால் சுட வேண்டியது வனத்துறை, விவசாயி அல்ல.

ஆகவே இது ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து போய் டெக்சாஸ், மெல்போர்ன், நியூசிலாந்து என்று குடியேறி, அங்கே சட்டப்படி வேட்டைக்குப் போக நினைப்பவர்களுக்கு எழுதியது. கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க தோட்டாப் பெட்டி அடுக்கியிருக்கும். அதில் எந்த ஒரு பெட்டியை எடுத்தால் 40 கிலோ வெளிமானுக்கும் 250 கிலோ கடமானுக்கும் சரிவரும் என்பதுதான் கேள்வி.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

நம் ஊரில் தோட்டா, குண்டு, ரவை எல்லாவற்றையும் கலந்தே பேசுகிறோம். இங்கே தோட்டா என்றால் முழுப் பொருள்: பித்தளைக் குப்பி, அதன் அடியில் கேப்பு, உள்ளே மருந்து, நுனியில் குண்டு. குண்டு என்றால் குழலை விட்டுப் பறக்கும் அந்த நுனி மட்டும். ரவை ஷாட்கன்னுக்கு உரியது, அதை இங்கே விட்டுவிடலாம்.

குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். 1 கிராம் என்பது 15.43 கிரெயின். நகைக்கடைக் கணக்கில் பார்த்தால் சுலபம்: 130 கிரெயின் குண்டு ஒரு பவுனுக்குச் சற்று மேல், 165 கிரெயின் ஒன்றேகால் பவுனுக்கு மேல், 180 கிரெயின் ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் கீழ். மொத்த வேட்டைக் குண்டு விவகாரமும் இந்த அரைப் பவுன் வித்தியாசத்துக்குள்தான் பெரும்பாலும் நடக்கிறது.

படி 1: பட்டியல் போடுங்கள், பெரியதைப் பார்த்து முடிவெடுங்கள்

அடுத்த 5 வருடத்தில் நிஜமாகவே எதைச் சுடப் போகிறீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். வெளிமான் 30 முதல் 40 கிலோ. புள்ளிமான் கிடா 70 முதல் 90. காட்டுப்பன்றி 60 முதல் 100. நீல்காய் ஆண் 200-ஐத் தாண்டும். கடமான் கிடா 250 கிலோ வரை வரும். எல்க் என்ற வட அமெரிக்கப் பெரிய மான் 300-க்கு மேல்.

பட்டியலில் உள்ள பெரிய விலங்குக்குக் குண்டைப் பொருத்துங்கள். பெரியதற்கு ஏற்ற குண்டால் சிறியதைச் சுட்டால் கொஞ்சம் கறி கூடக் குறைய வீணாகலாம், அவ்வளவுதான். சிறியதற்கு ஏற்ற குண்டால் பெரியதைச் சுட்டால் அது காயத்தோடு பள்ளத்தில் இறங்கிவிடும், இரவெல்லாம் ரத்தத் தடம் தேட வேண்டும். பட்டியலில் நீல்காயும் எல்க்கும் இல்லையென்றால் அவற்றுக்காக மேக்னம், அதாவது கூடுதல் மருந்தோடு வலுவாகச் சுடும் ரைபிள் வாங்க வேண்டாம். வருடத்துக்கு 1 புள்ளிமான், 2 பன்றி என்று போகிறவர் தோளைப் பெயர்க்கும் ரைபிளை வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சுடுவதுதான் மிச்சமாகும்.

படி 2: அந்த ஊர்ச் சட்டம் என்ன குறைந்தபட்சம் சொல்கிறது

காலிபர் என்பது குண்டின் விட்டம். விக்டோரியாவில் கடமானுக்குக் குறைந்தது 270 காலிபர், அதாவது 6.85 மில்லிமீட்டர், 130 கிரெயின் குண்டு வேண்டும். புள்ளிமானுக்கு 243 காலிபரும் 80 கிரெயினும் போதும். 6.5 கிரீட்மூர் இன்று எல்லோரும் கொண்டாடும் தோட்டா, ஆனால் அதன் குண்டு 6.71 மில்லிமீட்டர். விக்டோரியாவில் அதை வைத்துக் கடமானைச் சுட்டால் தவறு உங்கள் மேல். ரைபிள் வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கை வேட்டையாடினாலும் ஈயக் குண்டுக்குத் தடை, செம்புக் குண்டுதான். அமெரிக்காவில் எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அங்கே கூட்டாட்சிக் குற்றம். நண்பரின் ரைபிளை வாங்கி ஒரு ரவுண்டு சுட்டுப் பார்க்கிறேன் என்பதும் இதில் அடங்கும். லைசென்ஸை முதலில் எடுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.

படி 3: காலிபர்

இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 308 வின்செஸ்டர் 1952-லிருந்து இருக்கிறது, 30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் 1906-லிருந்து. 270 வின்செஸ்டருக்கு 2025-ல் நூறு வயது. மூன்றில் எதை எடுத்தாலும் மேலே சொன்ன பட்டியலில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். எங்கள் தேர்வு 308. உதை மிதமாக இருக்கும், ரைபிளும் சிறியதாகக் கிடைக்கும். முழங்கால் உயரப் புதரில் ஏறி இறங்கும்போது அந்தச் சிறுமையின் அருமை தெரியும்.

படி 4: குண்டின் உடல் கட்டு

எடையைவிடக் கட்டமைப்பு முக்கியம். பெட்டியில் பெரிய எழுத்தில் எடையைத்தான் போடுவார்கள், கட்டமைப்பைத் தேடித்தான் படிக்க வேண்டும். 2 பெட்டியிலும் 165 கிரெயின் என்றே இருக்கும். ஒன்று கடமானின் முன்சப்பை எலும்பை உடைத்துக்கொண்டு மறுபக்கம் போகும், மற்றொன்று அதே எலும்பில் பட்டுப் பொடியாகும்.

வேட்டைக் குண்டுக்கு 2 வேலை. விரிய வேண்டும், விரிந்த பிறகும் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று கூடினால் மற்றது குறையும். எல்லாக் கம்பெனியும் விற்பது இந்த இழுபறிக்கான ஒரு சமரசத்தைத்தான்.

சாதா சாஃப்ட் பாயின்ட்: வெளியே மெல்லிய செம்பு உறை, உள்ளே ஈயம், மூக்கில் ஈயம் வெளியே தெரியும். பட்டவுடன் காளான்போல விரியும். விலை குறைவு. வெளிமான், புள்ளிமான் அளவுக்கு இதைவிட வேறு வேண்டாம் என்றே சொல்லலாம். சிக்கல் கிட்டத்தில் வருகிறது. 40 மீட்டரில் குண்டு வேகம் குறையாமல் போய்க் கனத்த எலும்பில் மோதினால் உறை தனி, ஈயம் தனி என்று பிரிந்துவிடும். தோலுக்கடியில் பெரிய காயம் இருக்கும், நுரையீரலுக்கு எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது.

பார்ட்டிஷன்: 1946-ல் கனடாவில் மூஸ் வேட்டையில் தன் குண்டு ஆழமாக இறங்காமல் போனதால் ஜான் நோஸ்லர் யோசித்துச் செய்தது, 1948-ல் விற்பனைக்கு வந்தது. குண்டின் நடுவே செம்பிலேயே ஒரு தடுப்புச் சுவர். முன்பாதி விரிந்து சிதறினாலும் பின்பாதி உடையாமல் துளைத்துப் போகும். எடையில் மூன்றில் இரண்டு பங்கு கடைசிவரை நிற்கும். பழைய யோசனை, இன்னும் கெட்டுப்போகவில்லை.

பாண்டட்: உறையும் ஈயமும் உருகி ஒட்டியதுபோல இணைந்திருக்கும், எளிதில் பிரியாது. எடையில் 80 முதல் 90 சதவீதம் தங்கும். ஒரே குண்டில் சிறியதையும் பெரியதையும் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வாக்கு இதற்குத்தான்.

முழுச் செம்பு: ஈயமே கிடையாது. மூக்கில் ஒரு குழி, பட்டதும் 4 அல்லது 6 இதழாகப் பிளந்து பின்னோக்கி மடங்கும். எடை 95 சதவீதத்துக்கு மேல் தங்கும், பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறும். ஆனால் இதழ் விரிய வேகம் வேண்டும். தூரத்தில் வேகம் செத்த பிறகு பட்டால் பென்சில் குத்தியதுபோல ஓட்டை போட்டுக்கொண்டு போகும், மான் எதுவுமே நடக்காதமாதிரி ஓடும். அதனால் செம்பில் ஒரு படி இலகுவான எடையை எடுங்கள்: ஈயத்தில் 165 என்றால் செம்பில் 150.

பெட்டியைப் பார்த்ததுமே திருப்பி வைத்துவிட வேண்டியவை மூன்று. முழு உறை போட்ட எஃப்எம்ஜே: விரியாது, பல மாகாணங்களில் மானுக்குத் தடையும் உண்டு. மேட்ச் குண்டு: மூக்கில் ஓட்டை இருப்பதைப் பார்த்து விரியும் என்று நினைத்துவிடாதீர்கள். அது குண்டு செய்யும் முறையால் வந்த ஓட்டை, இலக்கு அட்டைக்கு மட்டுமே உரிய குண்டு. வார்மின்ட் குண்டு: முயல், நரி அளவுக்குச் செய்தது, மான் தோளில் பட்டால் தட்டில் விழுந்த முட்டைதான்.

ஒரு எச்சரிக்கை. மூக்கில் சிவப்பு, வெள்ளை என்று பிளாஸ்டிக் நுனி இருந்தால் அது தரமான குண்டு என்று அர்த்தமில்லை. ஹார்னடி எஸ்எஸ்டி சிவப்பு நுனி, அது சீக்கிரம் விரியும் மென்மையான குண்டு. நோஸ்லர் ஆக்குபாண்ட் வெள்ளை நுனி, அது பாண்டட். நுனி காற்றைக் கிழிக்கவும் விரிவைத் தொடங்கவும் மட்டும்தான். உடலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெட்டியின் பக்கவாட்டில் படியுங்கள்.

படி 5: எடை

308-ல் 150, 165, 180 என்று 3 எடை பரவலாகக் கிடைக்கும். ஒரே விட்டத்தில் எடை கூடினால் குண்டு நீளும், நீண்ட குண்டு ஆழமாக இறங்கும். இதற்கு ஒரு கணக்கு உண்டு: பவுண்டில் எடையை, அங்குலத்தில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 150 கிரெயினுக்கு 0.226, 165-க்கு 0.248, 180-க்கு 0.271. பாண்டட் 165 எடுத்தால் புள்ளிமானுக்கு அதிகமும் இல்லை, கடமானுக்குக் குறைவும் இல்லை. நீல்காய், எல்க் இரண்டும் பட்டியலில் கண்டிப்பாக உண்டென்றால் 30-06-ல் 180 பாண்டட் அல்லது பார்ட்டிஷன். 270 வைத்திருப்பவர் 140 அல்லது 150 பாண்டட், இல்லையென்றால் 130 செம்பு.

வாங்குமுன் குழலின் முறுக்கு விகிதத்தைப் பாருங்கள். குழலில் 1:10 அல்லது 1:12 என்று பொறித்திருக்கும். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பொருள். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது, அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், நிலையாகப் பறக்க வேகமான முறுக்கு தேவை. 1:12 குழலில் 180 செம்பைப் போட்டு, அட்டையில் ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம்போல விழுந்தால் குண்டு ஆடிக்கொண்டு போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

படி 6: உங்கள் ரைபிளுக்கு எது பிடிக்கிறது

ஒரே மாடலில் 2 ரைபிள் எடுத்தாலும் ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றொன்றுக்குப் பிடிக்காது. அதனால் உங்கள் தேர்வுக்குள் வரும் 2 அல்லது 3 கம்பெனியில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். ஒரு பெட்டிக்கு 20 தோட்டா.

குழலைச் சுத்தம் செய்யுங்கள். ஈயக் குண்டிலிருந்து செம்புக்கு மாறும்போது பழைய படிவை முழுக்க எடுக்காவிட்டால் சிதறல் கூடும், பழி குண்டின் மேல் விழும். 25 மீட்டரில் 2 சுட்டு அட்டையில் விழுகிறதா பாருங்கள். பிறகு 100 மீட்டரில், மணல் மூட்டை மேல் ரைபிளைக் கிடத்தி, 3 குண்டாக 3 முறை. ஒவ்வொரு மூன்றுக்கும் நடுவே குழல் கையால் தொடுமளவு ஆறட்டும். சூடான குழலில் சுட்ட கணக்கு வேட்டையில் உதவாது, ஏனென்றால் மானைச் சுடும் முதல் குண்டு எப்போதும் குளிர்ந்த குழலிலிருந்தே போகிறது. மூன்றும் 5 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் இந்த வேலைக்கு அது தாராளம். நகம் அளவுக்குக் குறைக்க அலைய வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. அனுமதி உள்ள ரேஞ்சில் தண்ணீர் நிரப்பிய 4 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைத்து, பின்னால் மண்மேடு இருக்கும்படி 50 மீட்டரிலிருந்து சுடுங்கள். எத்தனையாவது கேனில் குண்டு நிற்கிறது என்று எண்ணி, குண்டைப் பொறுக்கி எடை போடுங்கள். முதல் கேன் வெடித்து இரண்டாவதிலேயே துணுக்குகள் கிடந்தால் அது கடமானுக்கு ஆகாது. எல்லாக் கேனையும் துளைத்து வெளியேறி, ஓட்டைகளும் சின்னதாக இருந்தால் விரியவில்லை. தண்ணீர் சதை அல்ல, எலும்பும் அல்ல. ஆனாலும் 2 குண்டை ஒப்பிட இதைவிட மலிவான வழியில்லை.

பிடித்த தோட்டா தெரிந்ததும் அதே லாட் எண்ணில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) 4, 5 பெட்டி வாங்கி வைத்துவிடுங்கள். லாட் மாறினால் விழும் இடமும் கொஞ்சம் மாறலாம், மறுபடி அட்டையில் பார்க்க வேண்டும்.

படி 7: தூரமும் வேகமும்

308-ல் 165 கிரெயின் குண்டு 24 அங்குலக் குழலை விட்டு நொடிக்குச் சுமார் 820 மீட்டரில் கிளம்பும். 20 அங்குலக் குழல் என்றால் 30 மீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். 200 மீட்டரில் சுமார் 690, 300 மீட்டரில் 630-ஐ ஒட்டி. பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் நம்பிக்கையாக விரிய 550 முதல் 600 வேண்டும், உங்கள் குண்டுக்கான எண்ணைத் தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். ஆகவே குண்டின் எல்லையே 300 மீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. சுடுபவரின் எல்லை பெரும்பாலும் அதற்கும் முன்பே வந்துவிடும்.

200 மீட்டரில் சரியாக விழும்படி ஸ்கோப்பை வைத்தால் 100 மீட்டரில் 5 முதல் 6 சென்டிமீட்டர் மேலே விழும், 300-ல் ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும். 200 வரை நேராக வைத்துச் சுட்டால் போதும், எதையும் கணக்குப் போட வேண்டாம். தூரம் கண்ணுக்குப் பிடிபட நம் ஊர் மாந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: மரத்துக்கு மரம் 10 மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் 20 மரம் தாண்டி நிற்கும் ஆடு 200 மீட்டர். ஊருக்கு வரும்போது தோப்பில் நின்று ஒருமுறை பாருங்கள். எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்பது ஆச்சரியமாக இருக்கும்.

படி 8: எங்கே வைக்க வேண்டும்

இதற்குப் பாடம் கறிக்கடையிலேயே இருக்கிறது. போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகும்போதோ, ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கும்போதோ, ஆட்டின் நெஞ்சுக்கூட்டைத் திறக்கும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். இதயம் நாம் நினைப்பதைவிடக் கீழே, 2 முன்னங்காலுக்கும் நடுவே நெஞ்செலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலும் பின்னும் இளஞ்சிவப்பாக நுரையீரல். அதன் பின்னால் ஒரு மெல்லிய சவ்வு. சவ்வைத் தாண்டினால் ஈரல், அப்புறம் இரைப்பையும் குடலும். அந்தச் சவ்வுதான் எல்லைக்கோடு. முன்னால் பட்டால் சில நொடியில் முடியும், பின்னால் பட்டால் கறியும் நாறும், விலங்கும் மணிக்கணக்கில் வேதனைப்படும்.

பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு முன்னங்காலின் பின்கோட்டில் மேலே வந்து, உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். புள்ளிமானுக்கு அந்த இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. காட்டுப்பன்றிக்கு இன்னும் முன்னால், இன்னும் கீழே. அதன் இதயமும் நுரையீரலும் முன்சப்பைக்கு நேர் பின்னே அடங்கிவிடும், முதுகு மயிர் சிலிர்த்து உயரத்தை ஏமாற்றும். நேராக நம்மைப் பார்த்தோ முழுக்க முதுகு காட்டியோ நின்றால் சுடாதீர்கள். எந்தப் பாண்டட் குண்டும் அதைச் சரிசெய்யாது. நடுவே புதர்க்குச்சி இருந்தாலும் அப்படித்தான். கனத்த குண்டு குச்சியை வெட்டிக்கொண்டு நேராகப் போகும் என்பது கட்டுக்கதை, எல்லாக் குண்டும் திசை மாறும்.

கோளாறு வந்தால்

சுட்டது நன்றாகப் பட்டும் வெகுதூரம் ஓடியது, உள்ளே போன ஓட்டையும் வெளியே வந்த ஓட்டையும் ஒரே அளவு: குண்டு விரியவில்லை. தூரத்தைக் குறையுங்கள் அல்லது மென்மையான குண்டுக்கு மாறுங்கள். பட்ட இடத்தில் கறி ரத்தம் கட்டிக் கூழாகிவிட்டது, வெளியேறிய ஓட்டையே இல்லை: வேகத்துக்குக் குண்டு தாங்கவில்லை. பாண்டட் எடுங்கள், அல்லது எடையை ஒரு படி ஏற்றுங்கள். ஈயக் குண்டில் இப்படி ஆனால் காயத்தைச் சுற்றி ஒரு சாண் கறியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈயத்தூள் நினைப்பதைவிடத் தூரம் பரவியிருக்கும். அந்தக் கறியைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம். நாய்க்கும் போடாதீர்கள்.

அட்டையில் நன்றாக விழுந்தது காட்டில் விழவில்லை என்றால் பெரும்பாலும் குண்டைக் குறைசொல்ல முடியாது. ஸ்கோப் திருகு தளர்ந்திருக்கும், அல்லது உதைக்குப் பயந்து தோள் முன்கூட்டியே துள்ளியிருக்கும். ரேஞ்சில் நண்பரிடம் ரைபிளைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில முறை தோட்டா ஏற்றாமலே தரச் சொல்லுங்கள். விசையை இழுக்கும்போது குழல் துள்ளுகிறதா என்று தெரிந்துவிடும்.

தோட்டா கலக்கும் ஆபத்து தனி. 300 பிளாக்கவுட் தோட்டா 223 ரைபிளின் அறைக்குள் நுழைந்துவிடும். சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும். 308-ஐ 30-06-ல் போட்டாலும் குப்பி கிழியும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே காலிபர் பெட்டி மட்டும் இருக்கட்டும், குப்பியின் அடியில் பொறித்த எழுத்தைப் படித்த பிறகு மட்டும் ஏற்றுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது

வேட்டைக்கு எடுத்துப்போன பையையோ ஜாக்கெட்டையோ பெங்களூர் விமானத்துக்குக் கொண்டுவராதீர்கள். வேறு வழியில்லை என்றால் எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து உதறி, உள்துணியின் கிழிசலுக்குள் விரலை விட்டுத் தேடுங்கள். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்தாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். காலிக் குப்பியை நினைவுப்பொருளாகக் கொண்டுவரும் ஆசையையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.